இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கும் கார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் இரட்டிப்பாக்கப்பட்டது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதையொட்டி, பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவர்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை, அந்த வண்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதே நாட்டுக்கு நல்லது என்ற பொருளில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். கண்ணீர் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அப்படி யாருக்காவது விடுவதென்றால், இருபது ஆண்டு ஓடிய ஸ்கூட்டரைப் புதுப்பிக்க ரூ.2,000 கட்ட வேண்டிய தினக்கூலிக்காரருக்காக விடலாம். ஆனால் காயலான் கடை என்ற முடிவுக்கு அந்த வாசகர் வந்து சேர்ந்த வழியில் சில செய்திகள் விடுபட்டிருக்கின்றன. இத்தகைய கார் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் அவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என்னுடையது 2005இல் முதல் பதிவு பெற்ற, இரண்டே இருக்கைகள் கொண்ட, எஃகுக் கூரை மடிந்து டிக்கிக்குள் அடங்கிவிடும் ஜெர்மானிய ஸ்போர்ட்ஸ் கார். நிறுவனத்தின் பெயரை எழுதினால் விளம்பரமாகவோ வசையாகவோ படிக்கப்படலாம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். புதிதாக இறங்கியபோது அதன் விலைக்குக் கோவையில் ஒரு வீடு வாங்கியிருக்கலாம். மூன்றாம் கையாக நான் வாங்கியபோது ஒரு புதிய சிறிய காரின் விலைகூட அதற்கு இல்லை. டீக்கடை ஓரமாக நிறுத்தினால் பக்கத்தில் வந்து நிற்பவர், "சார், ஒரு கோடி இருக்குமா?" என்பார், உண்மை விலையைச் சொன்னால் நம்ப மாட்டார். அடுத்த கேள்வி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கான விடையைச் சொன்னால் மட்டும் உடனே நம்பிவிடுவார்.

பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் பிறப்பது இந்த இடத்தில்தான். கார் முதுமையடையும்போது அதன் விலை இறங்குகிறது. அதன் உதிரி பாகங்களின் விலை இறங்குவதில்லை. யானையை இனாமாகக் கொடுத்தாலும் தீனியை நாம்தான் போட வேண்டும். ஒரு முகப்பு விளக்கு, அது புதிய காரில் என்ன விலையோ, அதே விலைக்கோ அதற்கும் கூடுதலாகவோதான் இன்றும் வருகிறது. 2025 செப்டம்பரில் உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை நன்றியோடு வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் சுங்க வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து, ஜெர்மனியில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருளை இங்கே ஒரு மாதச் செலவாக்கிவிடுகின்றன.

பழுது என்றதும் எஞ்சின் தேய்ந்துபோயிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கார்களில் எஞ்சினின் இரும்பு அவ்வளவு எளிதில் தோற்றுப் போவதில்லை. முதலில் தோற்பவை ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். தானியங்கி கியர் பாக்ஸுக்குள் மின்கம்பிகள் நுழையும் இணைப்பியில் சிறிய ரப்பர் வளையங்கள் உண்டு. இருபது ஆண்டுச் சூட்டில் அவை இறுகி வெடிப்பு விட்டதும், கியர் பாக்ஸின் எண்ணெய் வெளியே சொட்டுவதோடு நிற்காமல், கம்பிகளின் உறைக்குள்ளேயே நூல் நூலாக மேலேறி, கியரைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிக்குள் போய்த் தேங்கிவிடுகிறது. கார் திடீரென ஒரே கியரில் நின்றுகொள்கிறது. இதற்குப் பெரிய பணிமனை ஒன்று, கணினிப் பெட்டியையும் கம்பிக் கொத்தையும் முழுதாக மாற்ற வேண்டும் என்று, காரின் சந்தை விலையில் கணிசமான பங்கை மதிப்பீடாக எழுதிக் கொடுத்தது. கோவை கணபதி பகுதியில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் பெட்டியைத் திறந்து, எண்ணெயைத் துடைத்து, மின்சுற்றுப் பலகையைச் சுத்திகரித்து, இணைப்பியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அதன்பின் கியர் பாக்ஸ் மீண்டும் பழையபடி வழுக்கிக்கொண்டு மாறுகிறது.

கூரையும் அப்படித்தான். டிக்கிக்குள் இருக்கும் ஹைட்ராலிக் பம்ப் எண்ணெயை அழுத்த, சிலிண்டர்கள் நீண்டு சுருங்கிக் கூரையைத் தூக்கி மடிக்கின்றன. சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் அடைத்து வைக்கும் சீல் தேய்ந்தால் அழுத்தம் போதாமல் கூரை பாதி வானத்தில் நின்றுவிடும். அந்த நிலையில் வண்டியை மூடவும் முடியாது, ஓட்டவும் முடியாது. சீலைத் தனியாக விற்பதில்லை, சிலிண்டராகத்தான் தருவோம் என்பது விற்பனையகங்களின் வழக்கமான பதில். நல்லவேளையாக நான் வாழ்வது கோவையில். மண் அள்ளும் இயந்திரங்களின் சிலிண்டர்களுக்கு நாள் முழுவதும் சீல் மாற்றிக்கொண்டிருக்கும் பட்டறைக்காரருக்கு, விரல் தடிமன் கொண்ட இந்தச் சிலிண்டர் ஒரு பொம்மை. அளவெடுத்து, லேத்தில் புதிய சீல் கடைந்து, அன்று மாலையே பொருத்திவிட்டார். ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் இருக்கும் லேத்துகள் இல்லாவிட்டால் இந்த ஊரில் எத்தனையோ நல்ல வண்டிகள் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளில் துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பொத்தான்களின் கதை இன்னும் வேடிக்கை. கைக்கு மென்மையாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் அவற்றின் மீது ரப்பர் போன்ற பூச்சு ஒன்றைப் பூசினார்கள். நம் ஊர் வெயிலில் அது இளகி, ஏ.சி.யைப் போட அழுத்தினால் விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பல மடங்கு விலையுள்ள ஃபெராரி கார்களிலும் இதே பிசுபிசுப்பு உலகறிந்த தொல்லை என்பதை அறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. அதே ஃபெராரியின் எஃப்355 காரில் டைமிங் பெல்ட்டை முறையாக மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். 1990களின் இறுதியில் வந்த போர்ஷே 911 காரின் எஞ்சினில், இடைத்தண்டின் முனையில் இருக்கும் ஒரு சிறிய பேரிங் உடைந்தால் எஞ்சினே பாழாகிவிடும். அது தொடர்பாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆகவே, பெரிய பெயர் இருந்தால் சிறிய உறுப்பு தோற்காது என்று நம்பி யாரும் பழைய காரில் பணத்தைப் போட்டுவிட வேண்டாம்.

பிறகு ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு, ஆழியாறு சோதனைச் சாவடியைக் கடந்து வால்பாறை ஏறும் சாலையைத்தான் விடையாகச் சொல்ல முடியும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வேகம் நாற்பதைத் தாண்ட வேண்டிய தேவையே அங்கு இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பறப்பது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்றைய கார்களில் ஸ்டீயரிங்கைத் திருப்ப மின்மோட்டார் உதவுகிறது. அது இலகுவாகத் திரும்பும், ஆனால் சாலையைப் பற்றி நமக்கு அதிகம் ஒன்றும் சொல்லாது. என் காரில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய ஏற்பாடு. வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரத்தின் கீழே இருப்பது காய்ந்த தாரா, ஈரச் சருகா, மழை அரித்துக் கொண்டுவந்து போட்ட மணலா என்பது உள்ளங்கைக்கு அப்போதே தெரிந்துவிடும். கூரையைத் திறந்துவிட்டால், எஞ்சினின் ஒலி மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதும், எங்கோ ஒரு தொழிற்சாலையில் தேயிலை வறுபடும் மணமும் கூடவே வரும். ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டினால் கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். சாலையோரச் சுவரின் மீது வரையாடு நின்று நம்மைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

இருக்கையின் தலைப்பகுதியிலிருந்து கழுத்தைச் சுற்றி வெப்பக் காற்று ஊதும் ஏற்பாடு ஒன்றும் இந்தக் காரில் உண்டு. கோவையின் ஏப்ரல் மாதத்தில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. டிசம்பர் விடியலில் கூரையைத் திறந்துகொண்டு வால்பாறை ஏறியவர் சிரிக்க மாட்டார். இதுநாள்வரை பழுதே ஆகாத உறுப்பு அது ஒன்றுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, சட்டமும் விதியும் செய்யும் வேலைக்கு வருகிறேன். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் ரப்பரும் குழாய்களும் அதைத் தாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே கூறியிருக்கிறது. அது மலிவான வேலை என்றும் கூறியிருக்கிறது. உள்ளூர்க் காருக்கு அது சரியாக இருக்கலாம். காப்பீட்டின் கணக்கோ வேறு. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். என் காருக்கு ஒரு முகப்பு விளக்கும் முன் பம்பரும் உடைந்து, பானட்டும் நசுங்கினாலே அந்த எல்லை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

பதிவுப் புதுப்பிப்பு இவை எல்லாவற்றையும் விடக் கனமானது. தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்கும் செல்லும். பதினைந்து ஆண்டைக் கடந்த இறக்குமதிக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.40,000 ஆனது. இருபது ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ.80,000 ஆனது. அதே வயதுள்ள உள்நாட்டுக் காருக்கு ரூ.10,000. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டு கார்களும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஒரே அதிகாரிதான் பிரேக்கையும் விளக்கையும் சேஸி எண்ணையும் பார்க்கிறார். எட்டு மடங்குக் கட்டணத்துக்கு எட்டு மடங்கு சோதனை எதுவும் நடப்பதில்லை. அப்படி நடந்தால் நான் வரவேற்கவே செய்வேன்.

பழமையைப் பாதுகாக்க விதி இல்லாமல் இல்லை. 2021இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, அசல் உருமாறாமல் இருக்கும் வாகனம் 'வின்டேஜ்' என்று தனியே பதிவு பெறலாம். ரூ.20,000 கட்டினால் பத்து ஆண்டுகளுக்கு அது செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் 2005இல் பதிவான கார் அந்த வாசலை எட்ட 2055 வரை காத்திருக்க வேண்டும். இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட அந்த முப்பது ஆண்டுகளுக்கு அதை யார் காப்பாற்றுவது? அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்து வியக்கிறோம். அத்தகைய வண்டிகளில் பலவும் ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத பழைய வண்டியாக, ஏதோ ஒரு கொட்டகையில் நின்று தப்பிப் பிழைத்தவையாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் முப்பது ஆண்டைக் கடந்து அசல் நிலையில் நன்கு பராமரிக்கப்பட்ட கார், வல்லுநர் சோதனைக்குப் பிறகு தனி எண்பலகையும் ஒரே சீரான ஆண்டு வரியும் பெறுகிறது. பிரிட்டனில் நாற்பது ஆண்டைக் கடந்தால் வாகன வரியே இல்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவும் முப்பது ஆண்டையே வரலாற்று வாகனத்தின் எல்லையாக வைத்திருக்கிறது.

இந்தக் கார்கள் புகை கக்கவில்லையா என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். இன்றைய பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட கார் என்னுடையதைவிடத் தூய்மையானது, அதில் வாதமில்லை. ஆனால் வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் ஒரு பெட்ரோல் காரின் புகையையும், நாள்தோறும் ஊருக்குள் ஓடும் வண்டியின் புகையையும் பிறந்த ஆண்டை மட்டும் வைத்து எடை போடுவது முறையாகாது. வண்டிக்குப் புகைச் சோதனை இருக்கிறது, தகுதிச் சோதனை இருக்கிறது. அவற்றில் தோற்கும் வண்டியைச் சாலையிலிருந்து அகற்றட்டும், அது எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும் சரி.

ஆகவே, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தங்கள் நாளிதழின் வழியாக நான் வைக்கும் கோரிக்கை கட்டண விலக்கு அல்ல. இருபத்தைந்து அல்லது முப்பது ஆண்டைக் கடந்து, அசல் உருவத்தோடு, சோதனையில் தேறும் வாகனங்களுக்கு வின்டேஜ் பிரிவுக்கு முந்தைய ஒரு பிரிவை உருவாக்கலாம். அதற்கு ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு விதித்தாலும் ஏற்கத் தயாராக இருக்கிறோம். ஓடோமீட்டரைச் சோதனையின்போதே குறித்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவு வரும்வரை, இறக்குமதிக் காருக்கும் உள்நாட்டுக் காருக்கும் இடையிலான எட்டு மடங்கு வேறுபாட்டையாவது நீக்க வேண்டும். என் காரின் பதிவு 2030இல் மீண்டும் புதுப்பிப்புக்கு வரும். இந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்க அமைச்சகத்துக்கு அதுவரை போதிய அவகாசம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்