ஒரே சிபியு, மூணு கீபோர்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்கூல் லேப்ல ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பிள்ளைங்க முண்டியடிக்கிறாங்கன்னு கல்விப் பக்கத்துல போட்டிருந்தீங்க, சரி, ஆனா புது மெஷின் வாங்கினாதான் தீரும்ங்கற மாதிரி முடிச்சது எனக்கு ஒப்பல. எங்க டியூஷன் சென்டர்ல ஒரே சிபியுல மூணு மானிட்டர், மூணு கீபோர்டு, மூணு மவுஸ் மாட்டி மூணு பேரு தனித்தனியா லாகின் பண்ணி உக்காந்திருக்காங்க, லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல. மல்டிசீட்னு சொல்வாங்க, ஒருத்தரோட மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேர்ந்தா ஒரு சீட்டு.

சும்மா சொருகினா நடக்காதுங்க. மொத நாள் அப்படித்தான் சொருகினோம், ஒரு பொண்ணு 'அம்மா'ன்னு அடிக்க பக்கத்துல பையன் 'பந்து'ன்னு அடிக்க ஸ்க்ரீன்ல 'அபம்ந்மாது'ன்னு வந்து ரெண்டும் விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. லினக்ஸோட உள் மையமான கெர்னல்ல, கீபோர்டையும் ஸ்க்ரீனையும் பாத்துக்கற பழைய கன்சோல் கோடு ஒரு மெஷின்னா ஒரே ஆளுன்னு நெனச்சு எழுதினது, எத்தனை கீபோர்டு மாட்டினாலும் எழுத்தெல்லாம் முன்னாடி தெரியற ஒரே ஸ்க்ரீனுக்குத்தான் போகும். இதை மாத்த ரூபின்னு ஒரு பேட்ச், அதாவது கோடுக்கு ஒரு திருத்தம், வந்துச்சு, அது முழுசா மெயின் கெர்னல்ல சேரல. இப்போ வேற வழி, ஒவ்வொரு கீபோர்டும் தனி டிவைஸா தெரியுது, எது எந்த சீட்டுக்குன்னு சிஸ்டம்டிங்கற லினக்ஸ் புரோகிராம் பிரிச்சுக் குடுத்துடுது.

மானிட்டர்லதான் இடிக்கும். ஒரு கிராபிக்ஸ் கார்டுல ரெண்டு போர்ட் இருந்தாலும் ரெண்டு பேருக்குப் பங்கு போட முடியல, ஏன்னா ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் அந்த கார்டுக்கு எஜமான். 2018-ல வந்த 4.15 கெர்னல்ல கார்டோட ஒரு அவுட்புட்டை மட்டும் இன்னொரு புரோகிராமுக்குக் குத்தகைக்கு விடற வசதி வந்துச்சு, அது கண்ணுல மாட்டிக்கற விஆர் ஹெட்செட்டுக்காகப் பண்ணது, லாகின் ஸ்க்ரீன் அதைக் கண்டுக்கல. அதனால சீட்டுக்கு ஒரு கார்டு, செகண்ட் ஹேண்ட்தான்.

பிரேசில்ல பரானா மாநில அரசுப் பள்ளிகள்ல ஒரு பெட்டிக்கு நாலு பேருன்னு அங்கத்த யூனிவர்சிட்டி ஆளுங்களே பண்ணிக் காமிச்சிருக்காங்க, அதனால இது என் கிறுக்குன்னு நெனச்சிடாதீங்க.

தலைவலி இல்லாம இல்ல. யூஎஸ்பி ஹப்பு எந்த ஓட்டைல இருக்குங்கறத வெச்சுத்தான் சீட்டு முடிவாகுது, பெருக்க வந்த அக்கா கழட்டி பக்கத்து ஓட்டைல சொருகிட்டாங்க, மூணாவது பையன் அடிச்சதெல்லாம் மொத மானிட்டர்ல வந்துச்சு. பவர் பட்டனை எவனாவது அமுக்கினா மூணு பேர் வேலையும் காலி, அதுக்கு மேல அட்டை வெட்டி ஒட்டிட்டேன்.

அடுத்த தடவை லேப் பத்தி எழுதறப்போ இதையும் ரெண்டு வரி சேருங்க, வேணும்னா ஒரு சாயங்காலம் வந்து நேர்லயே பாருங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்