வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாதா?

ஆசிரியருக்கு,

வன்னியிலுள்ள வைத்தியசாலை ஒன்றில் நோயாளரிடம் குருதி எடுப்பதே எனது அன்றாடப் பணி. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், 8 முதல் 12 மணிநேரம் உணவோடு தண்ணீரையும் தவிர்த்துவிட்டு, விசுவமடு, துணுக்காய் போன்ற ஊர்களிலிருந்து முதல் பேருந்தில் வரும் முதியோரின் நாளங்கள் சுருங்கிக் கிடப்பதால், கையில் கட்டிய பட்டியை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்த வேண்டிய நாங்கள் விரல் நுனியால் தடவித் தடவியே அவற்றைத் தேடுகிறோம். அவசரப்பட்டுக் குருதியை இழுத்தால் அதிலுள்ள செங்குழியங்கள் உடைந்து, சோதனை முடிவில் பொட்டாசியத்தின் அளவு பொய்யாக உயர்ந்துவிடும். போரில் காயப்பட்டுத் தழும்பேறிய கையில் இரண்டாம் முறை ஊசி ஏற்றும்போது, "பரவாயில்லை பிள்ளை" என்று அந்த அம்மாக்கள் சொல்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. எனவே, வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பதைச் சோதனைத் துண்டிலேயே எழுதிக் கொடுக்குமாறு வைத்தியர்களை வேண்டுகிறேன். தேநீர், சீனி போடாவிட்டாலும், கூடாது.

இங்ஙனம்,
குருதி எடுக்கும் பணியாளர் ஒருவர்,
கிளிநொச்சி.