தேய்ந்த கொம்புச் சுத்தியலையும் காட்சிக்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மாவட்டத்துத் தொல்லியல் களமான கொடுமணலில் கிடைத்த சூதுபவள (செந்நிறக் கல்) மணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை மணிகளின் அழகை நன்கு விவரித்தது. ஆனால், இத்தகைய மணிகளைச் செதுக்கும் கருவிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறையாகப் பட்டது. குஜராத்தின் கம்பாத் நகரில் இத்தொழில் இன்றும் உயிரோடிருக்கிறது. தரையில் சாய்வாக நட்ட கூரிய இரும்பு முளையின் நுனியில் கல்லை வைத்துப் பிடித்து, எருமைக் கொம்பாலான சுத்தியலால் எதிர்ப்பக்கம் தட்டினால், முளை தொட்ட இடத்திலிருந்து சில்லு தெறிக்கும். கல்லைவிடக் கொம்பு மென்மையானது என்பதால் கல் சிதறுவதில்லை. அதே மென்மையால் கொம்பின் முகம் குழிவிழுந்து தேய்கிறது, குழிந்த முகத்தால் அடித்தாலோ அடி தடம் மாறிவிடுகிறது. அதை அரத்தால் ராவிச் சமப்படுத்துவதும், தேய்ந்து குறுகியபின் மெல்லிய காம்பில் புதுக் கொம்பை இறுக்குவதும், மழுங்கிய முளையைக் கூராக்குவதும் மணி செதுக்குவதற்குச் சற்றும் குறையாத கைத்திறன்கள் என்பது என் உறுதியான எண்ணம். கொம்பு மண்ணில் எளிதில் மக்கிப்போகும் என்பதால், பழங்காலத்தில் இத்தகைய சுத்தியல் இருந்திருந்தாலும் அகழாய்வில் கிடைப்பது அரிது. ஆகவே, நம் அருங்காட்சியகங்கள் மணிகளின் பக்கத்திலேயே, இன்றைய கைவினைஞர் பயன்படுத்திப் பழுதுபார்த்த சுத்தியல் ஒன்றையும் வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்