ஸ்டென்ஹவுஸ்மியூர் சாம்பியன் ஆயிடுச்சு, இது உங்களுக்கெல்லாம் ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். ஃபுட்பால் சீசன் முடிஞ்ச சூட்டோட எழுதணும்னு நெனச்சது, நைட் ட்யூட்டி, வீடு மாத்தினதுன்னு இழுத்துக்கிட்டே 2024 ஜூன் வந்துடுச்சு. இதுக்கு மேலயும் தள்ளிப்போட்டா நல்லாருக்காது.

விஷயம் தெரியாதவங்களுக்காக: ஸ்காட்லாந்து ஃபுட்பால்னா நம்மாளுங்களுக்கு செல்டிக், ரேஞ்சர்ஸ் அதோட சரி. ஆனா அதுக்கும் கீழ மூணு அடுக்கு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் பத்து டீம், ஒவ்வொரு டீமும் மத்த ஒன்பது டீமோட நாலு தடவ மோதணும், மொத்தம் 36 மேட்ச். அதுல ஆகக் கடைசி அடுக்கு லீக் டூ. அதுக்குக் கீழ போனா ஹைலேண்ட் லீக், லோலேண்ட் லீக்தான், அங்க போயிட்டு திரும்பி வர்றது லேசு இல்ல. அந்த லீக் டூவைத்தான் 2023-24ல நம்ம ஊர் டீம் ஸ்டென்ஹவுஸ்மியூர் ஜெயிச்சுது. 1884ல ஆரம்பிச்ச கிளப்புங்க. 1995ல டண்டீ யுனைடெட்டை பெனால்டில தோக்கடிச்சு, கீழ் அடுக்கு டீம்களுக்கான சேலஞ்ச் கப் வாங்கியிருக்காங்க, நடுவுல மேல் அடுக்குக்கு ப்ரொமோஷனும் வந்திருக்கு, ஆனா லீக் டைட்டில்னு ஒண்ணு இத்தன வருஷத்துல இதுதான் முதல் தடவ. நம்ம ஊர்னு உரிமையா சொல்றேன், யாரும் சிரிக்காதீங்க, பக்கத்து ஊர் லார்பர்ட்ல குடியிருக்கேன், கிரவுண்டு நடந்து போற தூரம்தான்.

முதல் நன்றி எங்க வார்டு அக்காங்களுக்கும் கோட்டயத்து சேச்சிக்கும். இங்க மேட்ச் எல்லாம் சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு, ஆஸ்பத்திரில சனிக்கிழமை லீவு கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். “என்னடா தம்பி, மறுபடியும் பந்தா?”ன்னு கேட்டுக்கிட்டே ஷிப்ட் மாத்திக் குடுத்தீங்க, ஒரு தடவகூட மூஞ்ச சுளிக்கல. கிறிஸ்துமஸுக்கு உங்க ஷிப்டை நான் எடுத்தது அதுக்கு ஈடாகாதுன்னு தெரியும்.

அடுத்தது எங்க டீமோட ஆக்கில்வியூ கிரவுண்டுல என் பக்கத்து சீட்டுப் பெரியவர். அவருக்கு தமிழ் தெரியாது, இத யாராவது படிச்சுக் காட்டினா உண்டு. நான் முதல் தடவ போனப்ப சும்மா வேடிக்கை பாக்கத்தான் போனேன், மெரூன் கலர் ஸ்கார்ஃப் போட்ட ஒரு தாத்தா பக்கத்துல வந்து உக்காந்து, பேர்கூட கேக்காம, எங்க லெஃப்ட் பேக், அதான் இடது பக்கம் தடுக்கிற ஆளு, ஏன் முன்னாடி ஏறிப் போறான், ஏறினா பின்னாடி யார் மூடணும்னு வகுப்பே எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. அவர் பேசுற இங்கிலீஷ்ல பாதி எனக்குப் புரியல, நான் பேசினதுல பாதி அவருக்கும் புரிஞ்சிருக்காது, ஆனா ரெஃப்ரிய திட்டும்போது மட்டும் ரெண்டு பேரும் ஒரே பாஷைதான். இந்த லெவல்ல வீடியோ பாத்து தீர்ப்பு சொல்ற விஏஆர் கிடையாது, கோல்னா கோல், தப்புன்னா தப்பு, திட்டிட்டு அடுத்த வேலையப் பாக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டா செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆடுற பிரீமியர்ஷிப்பவிட இது நிம்மதி.

கிரவுண்டுல பை (pie) விக்கிற கடைல நிக்கிற அம்மாவ மறந்தா சோறு கிடைக்காது. குளிருக்கு இங்க எல்லாரும் போவ்ரில் குடிப்பாங்க, அது மாட்டுக்கறி சாறு, நமக்கு ஒத்துவராது. நான் வேணாம்னு சொன்னத ஒரு தடவதான் கேட்டாங்க, அடுத்த மேட்ச்லருந்து எனக்குன்னு ஒரு மக்ரோனி பை தனியா எடுத்து வச்சிடுவாங்க. மாவுக்குள்ள சீஸு, அந்த சீஸுக்குள்ளயும் மாவு, எந்த மகராசன் கண்டுபிடிச்சானோ. ஆனா ஜனவரி மாசம் விரல் விறைச்சுப் போய் நிக்கிறப்ப அந்த அலுமினிய தட்டோட சூடு உள்ளங்கைல ஏறும் பாருங்க, அதுக்காகவே ரெண்டு வாங்கலாம்.

வெளியூர் மேட்சுக்கு என்னை ஏத்திட்டுப் போற கார் கோஷ்டிக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எல்ஜின், பீட்டர்ஹெட் ரெண்டும் வடக்கு மூலை, ஸ்ட்ரான்ரேர் தென்மேற்கு மூலை, ட்ரெயின்ல போய் அன்னிக்கே திரும்புறது என்னால ஆகாத காரியம், பெட்ரோல் காசு குடுத்தா வாங்கவும் மாட்டேங்கிறாங்க, கடைசில புளியோதரை கட்டிட்டு வர்றதுதான் என் பங்குன்னு முடிவாச்சு, காரம் ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டே டப்பாவ காலி பண்ணுவாங்க. ஒரு தடவ பாதி வழி போனப்புறம் தரை உறைஞ்சு போச்சு மேட்ச் இல்லன்னு செய்தி வந்துது, ஒருத்தரும் அலுத்துக்கல, ரோட்டோரம் நிறுத்தி புளியோதரைய சாப்ட்டுட்டு வண்டிய திருப்பினாங்க. டம்பார்டன் போனப்ப, கோட்டை இருக்குற பெரிய பாறை கிரவுண்டு தலைமேலயே நிக்கிறதப் பாத்து நான் வாய பொளந்துட்டு நிக்க, “பந்து இந்தப் பக்கம்”னு தோளைத் திருப்பிவிட்ட அண்ணனுக்கு தனியா ஒரு நன்றி.

கிளப்புல சம்பளம் வாங்காம கேட்ல நிக்கிறவங்க, ராஃபிள் குலுக்கல் சீட்டு விக்கிறவங்க, எல்லாருக்கும் கும்பிடு. பகல்ல வேற வேலை பாத்துட்டு சாயங்காலம் ப்ராக்டீஸுக்கு வர்ற பசங்களுக்கும், எவர்டன்லயும் ஸ்காட்லாந்து டீம்லயும் ஆடிட்டு இந்த சின்ன ஊருக்கு மேனேஜரா வந்த கேரி நெய்ஸ்மித்துக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இந்த டீமுக்கு நார்வேல ஒரு ரசிகர் மன்றமே இருக்கு, கடல் தாண்டி வந்து பாப்பாங்க, அதக் கேட்டப்புறம் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச கூச்சமும் போச்சு.

ஏப்ரல்ல டைட்டில் உறுதியான அன்னிக்கு எனக்கு ட்யூட்டி. ஆமா, சீசன் பூரா ஷிப்ட் மாத்திட்டு அன்னிக்கு மட்டும் மாட்டிக்கிட்டேன். பிரேக்ல காரிடார்ல நின்னு போன எடுத்தா பெரியவர், ஒரு வார்த்த கேக்கல, ஒரே கூச்சல். அவர் எதுவும் பேச முயற்சிகூட பண்ணல, போன தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னிருப்பாரு போல. அந்த நேரத்துல அடுத்தவனுக்கு போன் போடணும்னு தோணுச்சே, ரொம்ப நன்றி ஐயா.

விருதுநகர்ல இருக்குற தம்பிக்கும் நன்றி, மேட்ச் முடியறப்ப அங்க ராத்திரி பத்தாகும், ஸ்கோர் கேக்காம தூங்க மாட்டான், ஸ்டென்ஹவுஸ்மியூர்னு சொல்ல இன்னும் வாய் வராம “உன் மியூரு டீம்”னுதான் கேப்பான். வீட்டம்மாவுக்கு இங்க எழுதினா பத்தாது, நேர்ல சொல்லிட்டேன், பதிலுக்கு லிஸ்ட் ஒண்ணு குடுத்திருக்காங்க.

அடுத்த சீசன் (2024-25) ஒரு அடுக்கு மேல, லீக் ஒன். டம்பார்டனும் ப்ளே-ஆஃப் ஜெயிச்சு கூடவே வருது, மேலருந்து இன்வர்னெஸ்ஸும் ஆர்ப்ரோத்தும் இறங்கி வருது. கார் கோஷ்டி, இன்வர்னெஸ் மேட்சுக்கு பின் சீட்ல எனக்கு ஒரு இடம் இப்பவே போட்டு வைங்க, இந்தத் தடவ தம்பி லீவுல வந்தாலும் வருவான், அப்ப ரெண்டு சீட்டு. புளியோதரை என் பொறுப்பு.