கேஷ் வேறு, காசு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் சரி. ஆனால் கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷும் நம் 'காசு'தான் என்று எழுதியிருப்பது தவறு.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஆக்ஸ்போர்டு அகராதியும் தனித்தனியாகவே பதிவு செய்திருக்கிறது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், 'காப்சா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. அதற்குப் பெட்டி என்று பொருள். மருந்துக்கடையில் வாங்குகிற கேப்ஸ்யூலும் அதே குடும்பம்தான், சின்னப் பெட்டி. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேஷ் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது. போகப்போகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. நாமும் "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் பெட்டியையா கேட்கிறோம்?

இன்னொரு கேஷ்தான் நம்முடையது. காசு, போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலேயரிடம் போய்ச் சிறு செப்புக்காசின் பெயரானது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசையும் அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையில் 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் 'வராகன்' என்ற பொன் நாணயம் ஒன்று. என்னிடம் 1808-ஆம் வருட இருபது காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. பர்மிங்காமில் அச்சடித்தது. அந்த வருடக் காசுகளைச் சென்னைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டிலேயே மூழ்கிவிட்டது. 1980-களில் அந்தக் காசுகளை முக்குளித்து எடுத்தார்கள்.

நான் 31 வருடம் வங்கியில் பணம் எண்ணியவன். என் கூண்டின் மேல் தமிழில் 'காசாளர்', ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்று பலகை இருந்தது. ஒன்று காசிலிருந்து பிறந்தது, மற்றது பெட்டியிலிருந்து. ஒலி ஒத்துப்போனதால் எனக்கும் பல வருடம் ஒரே சொல்லாகத்தான் பட்டது. பொருந்தாத ஒன்றைச் சேர்த்தால், உண்மையிலேயே நாம் கொடுத்த சொற்களையும் பிறர் சந்தேகப்படுவார்கள்.

அடுத்த இதழில் ஒரு வரியாவது திருத்தம் போடுங்கள். என் பேத்தி பேச்சுப்போட்டிக்காக அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
கும்பகோணம்