மலரில் இல்லாத பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் எங்கள் பகுதிச் சேவைக் கழகம் ஒன்றின் ஆண்டு நிறைவு மலர் கைக்கு வந்தது. வழுவழுப்பான தாள், கலர் அட்டை. முதல் இருபத்திரண்டு பக்கமும் வாழ்த்துச் செய்திகள். அப்புறம் முன்னாள் தலைவர்களின் படங்கள், பதவியேற்பு வைபவத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கும் படங்கள். கழகம் செய்த வேலை எங்கே என்று தேடிப்போனால், கடைசியில் அச்சக விளம்பரத்துக்கு முன்னால் ஒன்றரைப் பக்கம். அதிலும் 'பல்வேறு சமூகப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன' என்ற ஒரே வரியில் பத்து வருடம் முடிந்துபோகிறது. கழகத்தின் பெயரை நான் எழுதவில்லை. உறுப்பினர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்த பிள்ளைகள், சந்தையில் முகம் பார்க்க வேண்டும்.

அதே மலரில் சிக்காகோ நகரத்துக்கு நான்கு பக்கம் கிடைத்திருக்கிறது. 1905இல் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு றோட்டரிச் சேவைக் கழகத்தைத் தொடங்கியது, முறைவைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடியதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது, அதே நகரில் காப்புறுதி வியாபாரம் செய்த மெல்வின் ஜோன்ஸ் 1917இல் லயன்ஸ் சேவைக் கழகத்தைத் தொடங்கியது, 1925இல் ஒஹாயோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் எழுந்து பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டது, எல்லாம் பிழையில்லாமல் இருக்கிறது. ஒஹாயோவில் பேசிய பேச்சு நூறு வருடம் கழித்துக் களுவாஞ்சிகுடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு மைல் தூரத்தில் குருமண்வெளித் துறையில் நடந்தது மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஒஹாயோவில் எழுதி வைக்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

குருமண்வெளியில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். சமாதான உடன்படிக்கைக் காலம். கண்புரை பார்க்கும் முகாமென்றால் மண்டூர்ப் பக்கத்திலிருந்து, வாவிக்கு அக்கரையான படுவான்கரைச் சனம் விடியப்புறமே 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வந்து இறங்கும். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர், கழகத்தில் சாதாரண உறுப்பினர், துறையில் நின்று கிழவர் கிழவிகளின் கையைப் பிடித்து இறக்குவார். சத்திரசிகிச்சை முடிந்தபின்தான் உண்மையான சிக்கல். சொட்டு மருந்தை நாளைக்கு இத்தனை தடவை என்று வாரக்கணக்கில் விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கு யார் அதைச் சொல்வது? இவர் ரியூப் பெட்டி மட்டையைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்டினார். அதில் பாதிச் சூரியன், முழுச் சூரியன், ஒரு பிறை. மூன்றையும் பேனாவால் கீறி, நூலால் மருந்துப் போத்தலின் கழுத்தில் கட்டிவிட்டார். அப்புறம் ஞாயிறு தவறாமல் பாதையில் அக்கரை போய், வீடு வீடாகப் போத்தலைத் தூக்கி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். மலரில் அவர் படம் இல்லை. அவர் ஒருநாளும் தலைவராக இருக்கவில்லையே.

போலியோவுக்கும் ஒரே ஒரு வரிதான். றோட்டரிக்காரர் 1985இலிருந்து உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்ற வேலை அது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். போர் நடந்துகொண்டிருந்தபோதே சொட்டு மருந்து நாட்களில் மட்டும் துவக்குகள் ஓய்ந்திருந்தன. அந்த நாட்களில் குளிர்ப்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காவலரண்களைத் தாண்டி நடந்தவர்கள் நம் ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது கேட்டோமா?

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். கூட்டறிக்கைப் புத்தகங்கள் செயலாளர் வீட்டில் இருந்தன, 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு போய்விட்டன என்பார்கள். உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் பழைய பொருளாளர் ஐயாவின் கணக்குக் கொப்பி போகவில்லை. அது செங்கலடியில் மகன் வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது. ஐயாவுக்கு இப்போது எண்பத்தைந்து. நான் கேட்டதும் தயங்கினார். 'வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாது பிள்ளை' என்றார். கடைசியில் எடுத்துத் தந்தார்.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளிக்கு அடுத்த கிழமையின் கணக்கு அதில் இருக்கிறது. பாண் 140. மண்ணெண்ணெய் ஆறு போத்தல். தகரத்துக்கு ஆணி ஏழு இறாத்தல். கிடுகு, வண்டிக் கூலி, தோணிக் கூலி. கல்முனைக் கடைக்கு இன்னும் கொடுக்க வேண்டியது 38 ரூபா. அந்தத் தொகை சிவப்பு மையால் வெட்டப்பட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில், 'முதலாளி வேண்டாம் என்றார்.'

பழைய கணக்கால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2011 தை வெள்ளத்தில் சமைத்த சோற்றுப் பார்சல்களை வைத்துக்கொண்டு, தோணி யாரிடம் இருக்கிறது என்று எங்கள் பொடியன்கள் ஒரு பகல் முழுக்க அலைந்தார்கள். பாதிச் சோறு பழுதாய்ப்போனது. ஐயாவின் கொப்பியில் தோணிக்காரர் பெயர், எந்தத் துறையில் கட்டியிருப்பார், எந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய கிடாரங்கள் இருக்கின்றன, எந்த ஒழுங்கைக்குள் முதலில் தண்ணீர் ஏறும், எல்லாம் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருந்தது. தோணிக்காரர் இல்லாவிட்டாலும் அவர் மகன் அதே துறையில்தான் இருந்தார்.

ஆசிரியரே, உங்கள் மேலும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. ஒரு புத்தகப் பையை ஒன்பது பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் கிழமைக்கு இரண்டாவது போடுகிறீர்கள். அதில் ஒன்றைக் குறைத்து, மட்டக்களப்பு, அம்பாறைச் சேவைக் கழகங்களின் பழைய உறுப்பினர் ஒருவருடைய ஞாபகத்துக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லட்டும், உங்கள் பிரதேச நிருபர் எழுதட்டும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். ஞாயிறு பின்னேரங்களில் ஐயா சொல்லச் சொல்ல, உயர்தரம் (ஏஎல்) படிக்கும் அவருடைய பேத்தி புதுக் கொப்பியில் எழுதுகிறாள், நான் வருடங்களைச் சரிபார்க்கிறேன். போன கிழமை 'வண்டிக் கூலி' என்ற இடத்தில் ஐயா நின்றுவிட்டார். பெரியகல்லாற்றிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் குருமண்வெளித் துறைவரை மூன்று நாள் அரிசி ஏற்றியவராம். மாட்டின் நிறம் ஞாபகம் இருக்கிறது, ஆளின் பெயர் வரவில்லை. கல்லாற்று வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால் உங்கள் முகவரிக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
களுவாஞ்சிகுடி.