செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சுவர் மேல் ரோஸ்மேரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே கூட்டத்தில், படிக்கட்டு ஓரப் பாத்தியில் வைத்த படர் ரோஸ்மேரி என்ற மணச்செடி ஐப்பசி மழையில் அழுகிப்போனதை வருத்தத்தோடு சொன்னேன். இன்று அதன் வாரிசுகள் நம் தெருமுனைத் தடுப்புச் சுவரிலிருந்து ஓரடிக்கும் மேலாகத் தொங்குகின்றன. தை மாதம் நீலப் பூவும் தேனீயுமாக இருந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். ஆகவே இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தவறு செடியிடம் இல்லை. மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட கற்பாங்கான சரிவுகளில் வளர்வது அது. வேரடியில் நீர் நின்றால் தாங்காது. நாம் கேரட் போடும் பாத்தியில் எருவை அள்ளிப் போட்டு, தினமும் தண்ணீர் விட்டோம். கோத்தகிரிக்கு வரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டது. அடித்தண்டு கறுத்த பிறகும், வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றியது நான்தான். அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிழைத்த இரண்டு செடிகளிலிருந்து, பூக்காத இளந்தண்டுகளை 10 செ.மீ. நீளத்தில் வெட்டி, அடியிலைகளை உருவி, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த பைகளில் நட்டோம். 40 குச்சிகளில் 27 வேர் பிடித்தன. சித்திரையில் அவற்றைச் சுவரின் மேல் விளிம்பில், மூன்றடி இடைவெளியில் வைத்தோம். குழியடியில் சரளை போட்டோம். நம் மலை மண் அமிலத்தன்மை உள்ளது என்பதால், தேயிலைத் தோட்டங்களில் இடுவதுபோல, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்தோம். எரு ஒரு கைப்பிடிதான். வேர் ஊன்றியபின், மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர்.

ஐப்பசி மழையில் ஒன்றுகூட அழுகவில்லை. காட்டெருமைகள் ஓரிரவு வந்து மூன்று செடிகளை மிதித்துவிட்டுப் போயின, ஆனால் மேயவில்லை. ஒரே ஒரு செடியைக் கத்தரிக்கோலால் இழந்தோம். இலையில்லாத முற்றிய கட்டைவரை வெட்டினால் ரோஸ்மேரி மீண்டும் துளிர்ப்பது அரிது. பூத்து முடிந்ததும் பச்சை நுனிகளை மட்டும் கிள்ளுங்கள். கிள்ளியதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நர்சரிச் சீட்டில் ‘சால்வியா’ என்று இருக்கிறதே என உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதே செடிதான். 2017-இல் தாவரவியலாளர்கள் ரோஸ்மேரியைச் சால்வியா பேரினத்தில் சேர்த்தார்கள். ஆனால் வாங்கும்போது படரும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். நிமிர்ந்து வளரும் வகை சுவரை மூடாது.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மண்ணைத் தொட்ட கிளைகள் இப்போது தாமாகவே வேர்விட்டு வருகின்றன. அவற்றைப் பிரித்து நடச் சித்திரை முதல் ஞாயிறு காலை சுவரருகே கூடுவோம். சரளை கொண்டுவர முடிந்தவர்கள் ஒரு வாளி கொண்டு வாருங்கள்.

செயலாளர்